அமோஸ் அலோன்சோ ஸ்டேக்கும் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டேக் என்பவர் யார்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுப் பயிற்சியாளர் வேலை பேராசிரியர் பதவிக்கு நிகரான நிரந்தரப் பணியாக ஆன வரலாற்றை எழுதுகிறவர்கள் அமோஸ் அலோன்சோ ஸ்டேக்கிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் 1862 ஆகஸ்ட் 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1965 மார்ச் 17 அன்று கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 102 வயதில் காலமானார். 1892 முதல் 1932 வரை, இடைவெளியின்றி 41 பருவங்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியளித்தார். காசுக்காக விளையாடுவதை வாழ்நாள் முழுவதும் வெறுத்தவர் அவர். ஆனால் பல்கலைக்கழக விளையாட்டு நுழைவுச்சீட்டு விற்கும் பெருங்காட்சியாக வளர்ந்ததற்கும் அவரே முக்கியக் காரணம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

இங்கே ‘கால்பந்து’ என்று சொல்லப்படுவது எந்த ஆட்டம்?

நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியினர் பிடித்து வீழ்த்துவதற்குள் இயன்றவரை முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தையே இங்கே கால்பந்து என்கிறோம். ரக்பியிலிருந்து கிளைத்த ஆட்டம் அது. நம் ஊரில் உதைத்து ஆடும் கால்பந்து வேறு.

ஸ்டேக்கிற்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்சியாளர்களே இருக்கவில்லையா?

சொல்லித் தருகிறவர்கள் இருந்தார்கள், பதவிதான் இருக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டியாகக் கருதப்படுவது 1852இல் ஹார்வர்டு மாணவர்களும் யேல் மாணவர்களும் நியூ ஹாம்ப்ஷயரின் வினிப்பசாக்கி ஏரியில் நடத்திய படகுப் போட்டி. அதற்கான செலவை ஏற்றது ஒரு ரயில் நிறுவனம். பார்க்க வரும் கூட்டம் தன் ரயிலில் ஏறும் என்பது அதன் கணக்கு. கல்லூரி விளையாட்டில் வணிகம் பின்னாளில் புகுந்தது என்று வருந்துகிறவர்களுக்கு இந்த முதல் போட்டியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் மோதியதைக் கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டமாகக் கொள்கிறார்கள். ரட்கர்ஸ் 6–4 என்று வென்றது.

அந்தக் காலத்தில் அணியைத் தேர்ந்தெடுத்ததும், பயிற்சியைத் திட்டமிட்டதும், வரவுசெலவைப் பார்த்ததும் மாணவர்கள்தான். அணித்தலைவரின் சொல்லே சட்டம். பழைய மாணவர் எவராவது வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார். கால்பந்து விதிகளை வடிவமைத்தவர் என்று போற்றப்படும் வால்டர் கேம்ப்கூட யேல் அணிக்கு ஆலோசகராக இருந்த காலம் முழுவதும் பிழைப்புக்கு ஒரு கடிகாரத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். பேராசிரியர்கள் ஒதுங்கியே நின்றார்கள்; எலும்பு முறிந்தாலோ, வகுப்புகள் வெறிச்சோடினாலோ மட்டும் கண்டித்தார்கள்.

சமயப் பணிக்குப் படிக்க வந்தவர் விளையாட்டுத் துறைக்கு எப்படி வந்தார்?

யேலில் ஸ்டேக்கின் குறிக்கோள் போதகர் ஆவதாகவே இருந்தது. வறுமையில் படித்தவர், ஆனாலும் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுவதில் அவருக்கிருந்த திறமையைக் கண்டு தொழில்முறை அணிகள் சம்பளம் பேசியபோது மறுத்துவிட்டார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களைப் பொறுக்கி 1889இல் முதன்முறையாக வெளியிடப்பட்ட அனைத்து அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணியின் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

அவருக்கு வராதது மேடைப் பேச்சு. பிரசங்கம் செய்ய எழுந்தால் தடுமாறுகிறோம் என்பதை உணர்ந்தபோது, இளைஞர்களிடையே செய்ய நினைத்த பணியை மைதானத்தில் செய்யலாம் என்று முடிவெடுத்தார். 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். உடலைப் பேணுவதும் ஒழுக்கத்தைப் பேணுவதும் ஒரே வேலை என்று நம்பிய இடம் அது. அங்கே அவர் அமைத்த கால்பந்து அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் கூடைப்பந்தை உருவாக்கியவர் இவரே. 1892 மார்ச் 11 அன்று அப்பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முறையாகக் கூடைப்பந்து ஆடினார்கள். மாணவர்கள் 5–1 என்று வென்றார்கள். ஆசிரியர் அணிக்குக் கிடைத்த அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டேக்.

சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த பதவியில் அப்படி என்ன புதுமை இருந்தது?

ஜான் டி. ராக்பெல்லரின் பணத்தில் சிகாகோவில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று எழுந்தபோது, அதன் முதல் தலைவராக வந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் ஸ்டேக்கிற்கு விவிலியம் கற்பித்தவர். வகுப்புகள் தொடங்குவதற்கு வெகு முன்பே தம் பழைய மாணவரை அழைத்து, உடற்கல்வி மற்றும் விளையாட்டுத் துறையின் இயக்குநர் பதவியையும், அதோடு இணைப் பேராசிரியர் தகுதியையும், ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளத்தையும் அளிக்க முன்வந்தார். பணி நிரந்தரமானது. விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவருக்கு இத்தகைய நிரந்தரப் பேராசிரியர் தகுதி அதுவரை எங்கும் வழங்கப்பட்டதில்லை.

இந்த நியமனத்தின் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பேராசிரியர் தகுதி இருந்ததால், தோற்றால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஸ்டேக்கிற்கு இல்லை. எனவே வெற்றிக்காக விதிகளை வளைக்க வேண்டிய நெருக்கடியும் குறையும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதே தகுதி அவரைக் கேள்வி கேட்க முடியாத இடத்திலும் உட்கார வைத்தது. மைதானமும் ஆட்ட அட்டவணையும் நுழைவுச்சீட்டு வருமானமும் பெருமளவுக்கு அவர் கைக்குள் இருந்தன. பயிற்சியாளர் பேராசிரியராக்கப்பட்டதால் விளையாட்டு பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்பட்டது என்று ஹார்ப்பர் கருதினார். நடந்ததைப் பார்த்தால், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தனி ஆட்சி ஒன்று உருவானது என்று சொல்வதுதான் பொருத்தம்.

மொழி அறிஞரான ஹார்ப்பருக்குக் கால்பந்தின் மேல் ஏன் இத்தனை அக்கறை?

புதிய பல்கலைக்கழகத்துக்குப் பழைய மாணவர்கள் இல்லை, மரபு இல்லை, ஊரில் பெயரும் இல்லை. இவற்றைச் சம்பாதிக்க ஹார்வர்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஹார்ப்பருக்கு அத்தனை பொறுமை இல்லை. நாடெங்கும் அனுப்பி எல்லாக் கல்லூரிகளையும் தோற்கடிக்கும் அணிகளை உருவாக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஸ்டேக் தம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் அணி பின்தங்கியிருந்தபோது ஹார்ப்பர் வீரர்களிடம் வந்து, ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தொகை அளித்திருக்கும் செய்தியைச் சொல்லி, அந்த நம்பிக்கைக்கு நீங்கள் தகுதியானவர்களா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. நன்கொடைக்கும் கோலுக்கும் இடையே அவர் கண்ட தொடர்பை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

1892 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழகம் திறந்த அன்றே ஸ்டேக் பயிற்சியைத் தொடங்கினார். வந்த மாணவர்கள் சிலரே என்பதால், அந்த முதல் பருவத்தில் முப்பது வயதுப் பயிற்சியாளரே களத்தில் இறங்கி ஆட வேண்டியிருந்தது. விதிகள் அப்போது அதை அனுமதித்தன. பெரும் வணிகரான மார்ஷல் ஃபீல்டு தம் நிலத்தைப் பயன்படுத்தக் கொடுத்தார். ஸ்டேக்கும் மாணவர்களும் தாங்களே மரப்பலகைகளை அடித்து வேலி போட்டார்கள். (நன்கொடையாளரின் பெயரிலேயே ‘மைதானம்’ என்ற சொல் இருந்தது தற்செயல், மார்ஷல் ஃபீல்டு என்றே அந்த இடம் முதலில் அழைக்கப்பட்டது. பின்னர் அது ஸ்டேக் ஃபீல்டு ஆயிற்று.) 1894இன் இறுதியில் அணி ரயிலேறிக் கலிபோர்னியா வரை சென்று ஸ்டான்ஃபோர்டுடன் மோதியது. மூன்று ஆண்டுகள்கூட நிரம்பாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு அது எத்தகைய விளம்பரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டத்தில் ஸ்டேக் கொண்டுவந்த மாற்றங்கள் எவை?

அவர் பெயரில் சொல்லப்படும் புதுமைகளின் பட்டியல் நீளமானது: வீழ்த்திப் பிடிக்கப் பழகுவதற்கான திணித்த பொம்மை, ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு வீரரைப் பக்கவாட்டில் ஓடவிடும் உத்தி, வீரர்கள் வட்டமாகக் கூடி அடுத்த நகர்வை முடிவு செய்வது, பேஸ்பாலில் வலைக்குள் நின்று பந்தடித்துப் பழகுவது. இவற்றில் சிலவற்றுக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. பல ஊர்களில் ஒரே காலத்தில் பலருக்குத் தோன்றிய யோசனைகளைப் புகழ்பெற்றவர் ஒருவரின் கணக்கில் எழுதிவிடுவது விளையாட்டு வரலாற்றின் பழைய பழக்கம். கண்டுபிடிப்பாளர் என்பதைக் காட்டிலும், கண்டதையெல்லாம் குறித்துவைத்து, வரைந்து, திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த ஆசிரியர் என்று அவரைச் சொல்லலாம். 1894இல் அவர் மணந்துகொண்ட ஸ்டெல்லா ராபர்ட்சனும், எதிரணிகளின் நகர்வுகளைக் குறித்துக்கொடுத்து இந்த வேலையில் பங்கெடுத்தார். அந்த உழைப்புக்குப் பட்டமோ சம்பளமோ இருந்ததில்லை.

அவருடைய அணிகளின் உச்சம் எது?

1905 நவம்பர் 30, நன்றி தெரிவிக்கும் திருநாள். 1901 முதல் 56 ஆட்டங்களில் தோல்வியையே காணாத மிச்சிகன் அணி சிகாகோவுக்கு வந்தது. வேறு எந்தப் புள்ளியும் விழாத ஆட்டத்தில், பந்தோடு ஓடிய மிச்சிகன் வீரர் தம் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னேயே வீழ்த்தப்பட்டதால் கிடைத்த இரண்டு புள்ளிகளில் சிகாகோ 2–0 என்று வென்றது. அந்த ஆண்டையும் சேர்த்து, மேற்கத்திய மாநாடு என்ற கூட்டமைப்பின் பட்டத்தை ஸ்டேக்கின் அணிகள் ஏழு முறை பெற்றன: 1899, 1905, 1907, 1908, 1913, 1922, 1924.

மேற்கத்திய மாநாடு என்பது என்ன?

இன்று ‘பிக் டென்’ என்று அறியப்படும் கூட்டமைப்பின் முதல் வடிவம் அது. பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட்டின் அழைப்பின் பேரில் ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் விடுதியில் கூடினார்கள். 1896இல் அமைப்பு உருவானது. சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மின்னசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின் ஆகியவை அதன் முதல் உறுப்பினர்கள். விளையாடுவதற்காகவே ஊர் ஊராகக் கல்லூரி மாறித் திரிந்தவர்களைத் தடுப்பதும், களமிறங்குபவர் உண்மையான மாணவராக இருக்க வேண்டும் என்பதை உறுதி செய்வதும் அதன் நோக்கம். மாணவர்களின் கையிலிருந்த அதிகாரத்தைப் பேராசிரியர்கள் எடுத்துக்கொண்ட தருணம் என்று இதைச் சொல்வது வழக்கம்.

1905–06 நெருக்கடி எதனால் எழுந்தது?

ஆட்டம் உயிர்களைப் பறித்தது. தலைக்கவசம் கட்டாயமில்லாத நாட்களில், வீரர்கள் கைகோத்து நெருக்கமான கூட்டமாக எதிரணியின் ஓரிடத்தின்மேல் பாயும் உத்தியே பெரிதும் கையாளப்பட்டது. அடியில் சிக்கியவர் எழவில்லை என்பது கூட்டம் கலைந்த பிறகுதான் தெரியும். 1905 அக்டோபர் 9 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். நவம்பரில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆட்டத்தில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, நியூயார்க் பல்கலைக்கழக வேந்தர் ஹென்றி மெக்கிராக்கன் கூட்டிய கூட்டங்களிலிருந்து 1906இல் பிறந்த அமைப்புதான், 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துகிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் கால்பந்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்கு மாறின.

விதிகள் குழுவில் அப்போது ஸ்டேக்கும் இருந்தார். பந்தை முன்னோக்கி எறிய 1906இல் கிடைத்த அனுமதி, வீரர்களின் நெரிசலைக் குறைத்து ஆட்டத்தை மைதானம் முழுவதும் விரித்தது. மேற்கத்திய மாநாடு தன் பங்குக்கு, மிச்சிகன் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்செலின் முயற்சியால் கூடி, பருவத்துக்கு ஐந்து ஆட்டங்களே போதும், முதலாண்டு மாணவர் பல்கலைக்கழக அணியில் ஆடக் கூடாது, பயிற்சியாளர்களைப் பல்கலைக்கழகமே முறைப்படி மிதமான சம்பளத்தில் நியமிக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. கடைசி விதியைக் கவனியுங்கள். ஹார்வர்டு 1905இல் பில் ரீடு என்ற இளைஞருக்குக் கால்பந்துப் பயிற்சிக்காக 7,000 டாலர் அளித்திருந்தது. அதன் பேராசிரியர்கள் எவரும் காணாத தொகை அது. அப்படிப்பட்ட சூழலில், சிகாகோவில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த நியமனம் சீர்திருத்தத்தின் மாதிரியாகத் தோன்றியதில் வியப்பில்லை. கட்டுப்பாடுகள் பிடிக்காத மிச்சிகன் அமைப்பை விட்டு விலகி, 1917இல்தான் திரும்பியது.

தொழில்முறை ஆட்டத்தை எதிர்த்த ஸ்டேக், தம் சொந்த அணியில் தூய்மையைக் காத்தாரா?

இது எளிதாக ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. தனிப்பட்ட நேர்மையில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. 1923இல், ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் தொழில்முறைக் கால்பந்து கல்லூரி ஆட்டத்தை அழித்துவிடும் என்று எச்சரித்து ஓர் அறிக்கையே வெளியிட்டார். 1929இல் கார்னெகி அறக்கட்டளை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆராய்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையில், பெரும்பாலான கல்லூரிகள் வீரர்களுக்கு மறைமுகமாக உதவித்தொகை அளித்தது தெரியவந்தபோது, அப்பழுக்கு இல்லாத சிலவற்றில் ஒன்றாகச் சிகாகோ குறிப்பிடப்பட்டது.

ஆனால் இருபது ஆண்டுகள் பின்னே போனால் படம் வேறு. 1904 முதல் 1906 வரை சிகாகோவின் நட்சத்திரமாக விளங்கிய வால்டர் எக்கர்சால், மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹைடு பார்க் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர். மூன்று முறை அனைத்து அமெரிக்க அணியில் இடம்பெற்றவர். பட்டம் பெறாமலேயே வெளியேறியவர். 1905இல் ஒரு வார இதழ், வெற்றிகளை விலைக்கு வாங்கும் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடரில் சிகாகோவையும் விட்டுவைக்கவில்லை. 1902 முதல் ஸ்டேக் ஆண்டுதோறும் நடத்திய பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டியும் அப்படித்தான்: ஊர் ஊராக இருந்து பையன்கள் வந்தார்கள், பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், நல்லவர்கள் கண்ணில் பட்டார்கள். கையில் காசு கொடுக்கவில்லை என்பது உண்மை. வலை விரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்து, வருகைப்பதிவுக்கு உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்தோடு துறைத்தலைவரின் வாசலில் காத்திருந்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அந்தத் தாளில் இருப்பது சலுகையா, உரிமையா என்ற வாக்குவாதம் எக்கர்சால் காலத்திலேயே முற்றிவிட்டது. ஸ்டேக்கின் குறை, அமெச்சூர் (காசுக்காக ஆடாதவர்) என்பதைப் பணத்தால் மட்டுமே அளந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர் காசு வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக நின்ற அவர், அந்த மாணவரின் ஆட்டத்தைக் காட்டி ஐம்பதாயிரம் பேருக்கு இருக்கை போடும் அளவுக்கு மைதானத்தை விரிவாக்குவதில் முரண்பாடு எதையும் காணவில்லை.

கால்பந்தைத் தவிர வேறு எந்த விளையாட்டுகளில் அவர் பணி இருந்தது?

தடகளம், பேஸ்பால் இரண்டிலும் அவர் பயிற்சியாளராக இருந்தார். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சிகாகோ மாணவர்களை அழைத்துச் சென்றார். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற நடுத்தூர ஓட்டக்காரர் ஜேம்ஸ் லைட்பாடி சிகாகோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் பயிற்சியாளர்களில் ஸ்டேக்கும் ஒருவர். 1910இல் சிகாகோவின் பேஸ்பால் அணி ஜப்பானுக்குப் போய் வசேடா பல்கலைக்கழகத்துடன் ஆடியது; அந்தப் பரிமாற்றம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை என்று தொடர்ந்தது.

பெண்களின் உடற்கல்வியை 1898 முதல் கெர்ட்ரூடு டட்லி வழிநடத்தினார். 1904இல் ஆண்களுக்கான பார்ட்லெட் உடற்பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. பெண்களுக்கு அதற்கு நிகரான இடம் ஐடா நோய்ஸ் கட்டடத்தில் கிடைக்க 1916 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பயிற்சியில் அவர் கண்டிப்பானவரா?

மது, புகை, கெட்ட வார்த்தை மூன்றையும் விலக்கியவர். அவருடைய உச்சபட்ச வசவு ‘கழுதை’. பெரிய தவறு செய்தவர் ‘இரட்டைக் கழுதை’ ஆவார். நீண்ட காலம் அவரிடம் ஆடியவர்களில் அந்தப் பட்டம் பெறாதவர் இருக்க முடியாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். நம் ஊர்ப் பி.டி. வாத்தியார்களின் சொல்வளத்தோடு ஒப்பிட்டால் இது சைவம்.

1932இல் சிகாகோவை விட்டு ஏன் வெளியேறினார்?

எழுபது வயது ஓய்வு வயதாக இருந்தது. 1929இல் முப்பது வயதில் பல்கலைக்கழகத் தலைவரான ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ், அந்த விதியைத் தளர்த்த விரும்பவில்லை. பேராசிரியர் தகுதி தந்த பாதுகாப்புக்கு உள்ளே பேராசிரியருக்கான ஓய்வு வயதும் இருந்தது என்பதை நாற்பது ஆண்டுகள் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும். பயிற்சி சாராத வேறு பொறுப்பு ஒன்றைப் பல்கலைக்கழகம் தர முன்வந்தது, ஸ்டேக் ஏற்கவில்லை. கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் இருந்த பசிபிக் கல்லூரி என்ற சிறிய கல்லூரிக்கு 1933இல் பயிற்சியாளராகப் போனார்.

எழுபது வயதுக்குப் பிறகு என்ன செய்தார்?

பசிபிக் கல்லூரியில் 1946 வரை இருந்தார். 1938இல் அந்த அணியோடு சிகாகோவுக்குத் திரும்பி வந்து, தம் பெயர் தாங்கிய மைதானத்திலேயே தம் பழைய பல்கலைக்கழகத்தை 32–0 என்று தோற்கடித்தார். 1943இல், 81ஆம் வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகச் சக பயிற்சியாளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். போர்க்காலத்தில் கடற்படைப் பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டிருந்த திறமையான இளைஞர்கள் அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1947 முதல் 1952 வரை பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் தம் மகனோடு சேர்ந்து பணியாற்றினார். பின்னர் ஸ்டாக்டனுக்கே திரும்பி, உள்ளூர் இளநிலைக் கல்லூரியின் மாணவர்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தார். 1960இல் அதை நிறுத்தியபோது அவருக்கு வயது 98.

தலைமைப் பயிற்சியாளராக அவர் பெற்ற வெற்றிகள் 314 என்பது பொதுவான கணக்கு. 1981 நவம்பரில் அலபாமாவின் பால் பிரையன்ட் 315ஆவது வெற்றியைப் பெறும் வரை அதுவே உச்சமாக இருந்தது.

ஸ்டேக்கின் மரபுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, ஸ்பிரிங்ஃபீல்டு வழியாக உண்டு. ஸ்டேக்கும் நெய்ஸ்மித்தும் இருந்த அதே பயிற்சிப் பள்ளியில் பின்னாளில் படித்த ஹாரி குரோ பக், சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் தொடர்ச்சியே. தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரிகளுக்குப் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பியது அது. 1924இல் பாரிஸுக்குச் சென்ற இந்திய ஒலிம்பிக் அணியின் மேலாளராகவும் பக் போனார். ஒரே மரபில் பயின்ற இருவர், ஒருவர் அமெரிக்காவுக்காகவும் மற்றவர் இந்தியாவுக்காகவும், அந்த ஒலிம்பிக்கில் இருந்தார்கள்.

இருவரின் வழிகளும் வேறாகிவிட்டதைக் கவனிக்கலாம். பக் உருவாக்க நினைத்தது ஆசிரியர்களை. ஸ்டேக் உருவாக்க வேண்டியிருந்தது வெல்லும் அணியை. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநரின் சம்பளம் பேராசிரியரின் சம்பளத்தை ஒட்டியே இருப்பதும், அமெரிக்காவில் கால்பந்துப் பயிற்சியாளர் பல்கலைக்கழகத் தலைவரைவிடப் பன்மடங்கு வாங்குவதும் இந்தப் பிரிவின் விளைவுகள் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒரே நாற்றங்காலில் வளர்ந்தவை.

சிகாகோவின் கால்பந்து பின்னர் என்ன ஆயிற்று?

ஸ்டேக் போன பிறகு அணி தேய்ந்தது. சிகாகோ வீரர் ஜே பெர்வாங்கர் 1935இல், சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையின் முதல் வெற்றியாளர் ஆனது ஒன்றுதான் பெரிய ஆறுதல். 1939இல் மிச்சிகனிடம் 85–0 என்றும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 61–0 என்றும் தோற்ற பின், அந்த டிசம்பரில் பல்கலைக்கழகம் கால்பந்தையே நிறுத்திவிட்டது. 1946இல் மேற்கத்திய மாநாட்டிலிருந்தும் விலகியது.

ஆட்டம் இல்லாத மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில், மட்டையாட்டக் கூடம் ஒன்றில், 1942 டிசம்பர் 2 அன்று என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நடத்தியது. மேடைகள் 1957இல் இடிக்கப்பட்டன. இன்று அங்கே நூலகம் ஒன்று நிற்கிறது. அருகே ஹென்றி மூர் வடித்த வெண்கலச் சிற்பம் அணு ஆய்வு நடந்த இடத்தைக் குறிக்கிறது. ஆட்டம் நடந்த இடத்தை அந்தச் சிற்பம் குறிக்கவில்லை.

இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள். 1969இல் மீண்டும் தொடங்கினார்கள். மைதானம் வேறு இடத்துக்கு மாறினாலும் பெயர் ஸ்டேக் ஃபீல்டுதான். என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள். விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை அளிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. 1973 முதல் அதன் இறுதிப் போட்டிக்கு ஸ்டேக்கின் பெயர் வழங்குகிறது. பிக் டென் அமைப்பு தன் கால்பந்துப் பட்டத்துக்கான கோப்பைக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறது. அந்த ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை விற்பனையாவது கோடிக்கணக்கான டாலருக்கு.